25 நிமிட இசையில் ஒரு பயணம்: ஆப்பிள் தோப்பிலிருந்து கல்கோட்டை வரை

லண்டனில் ஸ்லோன் ஸ்கொயர் என்றொரு சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அதன் பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், தண்டவாளத்துக்கு மேலே குறுக்காக ஒரு பெரிய இரும்புக் குழாய் போவது தெரியும். தினமும் அதன் அடியில் ரயில் ஏறி இறங்குபவர்கள், ஏதோ கழிவுநீர்க் குழாய் என்று நினைத்துக் கடந்து போய்விடுகிறார்கள்.

உண்மையில் அது ஒரு ஆறு. பெயர் வெஸ்ட்போர்ன். ஒரு காலத்தில் வடக்கே ஹாம்ப்ஸ்டெட் குன்றுகளில் பிறந்து, வயல்வெளிகளைத் தாண்டி, தேம்ஸ் நதியில் கலந்த ஆறு. ஹைட் பார்க் பூங்காவில் சுற்றுலாப் பயணிகள் படகு விடும் செர்பென்டைன் ஏரி, 1730-களில் இந்த ஆற்றைத் தடுத்து உருவாக்கப்பட்டதுதான். பிறகு நகரம் வளர்ந்தது, ஆறு குழாய்க்குள் போனது. ரயில் பாதைக்குப் பள்ளம் தோண்டியபோது குறுக்கே ஆறு வந்தது. நிறுத்த முடியுமா? குழாயில் அடைத்துத் தலைக்கு மேலே கொண்டுபோய்விட்டார்கள்.

இப்படிக் காணாமல் போன ஆறுகளைப் பற்றி ஒரு ராக் இசைக்குழு பாட்டு செய்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? 'பிக் பிக் ட்ரெயின்' என்பது அந்தக் குழுவின் பெயர். 2015 ஜூனில் அவர்கள் வெளியிட்ட 'வாசெய்ல்' என்ற சிறிய இசைத் தொகுப்பில் அந்தப் பாட்டு இருக்கிறது. மொத்தம் நான்கே பாட்டு, சுமார் 25 நிமிடம்தான். ஆனால் அந்த நான்கையும் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றும் சொல்லும் இடத்துக்குப் போனால், வழக்கமான சுற்றுலாவில் கண்ணில் படாத ஒரு பிரிட்டனைப் பார்த்துவிடலாம்.

நீளமான பாட்டுக்காரர்கள்

முதலில் குழுவைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் போர்ன்மத் ஊரில் 1990-ல் க்ரெக் ஸ்பாட்டன், ஆண்டி பூல் என்ற இருவர் தொடங்கியது பிக் பிக் ட்ரெயின். இவர்கள் வாசிப்பது 'ப்ராக்ரசிவ் ராக்'. ஜெனிசிஸ், யெஸ், பிங்க் ஃபிளாய்ட் போன்ற குழுக்கள் 1970-களில் பிரபலப்படுத்திய பாணி இது. மூன்று நிமிடத்தில் முடியும் சினிமாப் பாட்டு மாதிரி இருக்காது. ஒரே பாட்டு பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் மாறும், ராகத்தின் போக்கு மாறும், ஒரு கதையே நடந்து முடியும்.

இதே குழு 2009-ல் வெளியிட்ட 'தி அண்டர்ஃபால் யார்ட்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு மட்டும் 22 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதாவது, ஒரு பாட்டுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில், வாசெய்ல் தொகுப்பின் நான்கு பாட்டையும் கிட்டத்தட்ட முடித்துவிட்டார்கள்.

சுருக்கியதில் ஒரு நன்மை கிடைத்தது. ராக் இசையின் ஆர்ப்பாட்டம் கொஞ்சம் பின்னால் போய், நாட்டுப்புற இசை முன்னால் வந்தது. ரேச்சல் ஹாலின் வயலின், பாடகர் டேவிட் லாங்டனின் குரல், அவரே வாசிக்கும் புல்லாங்குழல் ஆகியவைதான் இதில் மனதில் நிற்கின்றன. ப்ராக்ரசிவ் ராக் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் இந்த வகை இசைக்குள் நுழைய இது நல்ல வாசல்.

முதல் நிறுத்தம்: மரத்துக்கு வாழ்த்துச் சொல்லும் இரவு

தலைப்புப் பாட்டான 'வாசெய்ல்' நம்மை அழைத்துப் போவது ஆப்பிள் தோப்புக்கு. அதை நேரில் பார்க்க வேண்டுமானால் தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்துக்குப் போக வேண்டும். லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து டான்டன் ஊருக்கு ரயில், அங்கிருந்து மைன்ஹெட் செல்லும் சாலையில் போனால் கார்ஹாம்டன் என்ற சின்ன கிராமம் வரும்.

இங்கே ஆண்டுதோறும் ஜனவரி 17-ம் தேதி இரவு ஒரு சடங்கு நடக்கிறது. ஊர்க்காரர்கள் தோப்பில் ஒரு ஆப்பிள் மரத்தைச் சுற்றிக் கூடுகிறார்கள். நெருப்பு மூட்டுகிறார்கள். மரத்தின் வேரில் 'சைடர்' ஊற்றுகிறார்கள். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது அது. அதிலேயே நனைத்த ரொட்டித் துண்டைக் கிளைகளில் வைக்கிறார்கள். அது ராபின் பறவைக்கு. அந்தப் பறவை தோப்பைக் காக்கும் நல்ல ஆவி என்பது நம்பிக்கை. பிறகு எல்லோரும் பாடுகிறார்கள். கடைசியில் கிளைகளுக்கு நடுவே வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடிக்கிறது. கெட்ட ஆவி ஓட வேண்டும், தூங்கும் மரம் விழிக்க வேண்டும், வரும் பருவத்தில் காய்த்துக் குலுங்க வேண்டும்.

வாசெய்ல் என்ற சொல்லுக்கு 'நலமாக இரு' என்று பொருள். பழைய ஆங்கிலத்திலும் வட ஐரோப்பிய மொழியிலும் இருந்த ஒரு வாழ்த்து அது. மனிதருக்குச் சொன்ன வாழ்த்தை மரத்துக்கும் சொன்னார்கள்.

அது ஏன் ஜனவரி 17? அதற்குப் பின்னால் சுவையான கதை உண்டு. 1752-ல் பிரிட்டன் பழைய நாட்காட்டியை விட்டுப் புதிய நாட்காட்டிக்கு மாறியது. கணக்கைச் சரிசெய்ய அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று அறிவித்தார்கள். 11 நாள் காற்றில் போனது. கிறிஸ்துமஸ் காலத்தின் பன்னிரண்டாம் நாள் திருவிழாவும் 11 நாள் முன்னால் நகர்ந்தது. அரசாங்கம் நாட்காட்டியை மாற்றலாம், மரத்துக்கு அது தெரியுமா? கிராமத்தார் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டார்கள். ஜனவரி 6-உடன் 11 நாளைக் கூட்டினால் 17.

பாட்டு இந்த இரவைப் போலவே கட்டப்பட்டிருக்கிறது. வயலினும் புல்லாங்குழலும் வரும் நாட்டுப்புற மெட்டில் நடை போட்டு, பல குரல்கள் சேரும் பல்லவியில் வேகம் பிடிக்கிறது. தனி ஒருவர் பாடும் பாட்டாக அது தோன்றுவதில்லை. கூட்டத்தோடு நின்று குரல் கொடுக்க நமக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்.

இதில் வெறும் கொண்டாட்டம் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் பழைய தோப்புகளில் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டில் அழிந்துவிட்டது. வீடுகள் வந்தன, வேறு பயிர்கள் வந்தன. மரம் போனால் அதைச் சுற்றி நின்று பாட யார் இருப்பார்கள்? இந்தப் பின்னணி தெரிந்து கேட்டால் அந்தப் பல்லவி இன்னும் ஆழமாக இறங்கும்.

இரண்டாம் நிறுத்தம்: சாலைக்கு அடியில் ஒரு நதி

இரண்டாவது பாட்டின் பெயர் 'லாஸ்ட் ரிவர்ஸ் ஆஃப் லண்டன்', அதாவது லண்டனின் தொலைந்த நதிகள். இதே பெயரில் 1962-ல் நிக்கலஸ் பார்ட்டன் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. நகரத்துக்கு அடியில் ஓடும் ஆறுகளைப் பலருக்கும் அறிமுகப்படுத்திய நூல் அது.

வெஸ்ட்போர்ன், டைபர்ன், வால்புரூக், எஃப்ரா, நெக்கிஞ்சர் என்று பட்டியல் நீள்கிறது. அவற்றில் பெரியது ஃப்ளீட். இதன் வழியை ஒரே நாளில் நடந்து முடிக்கலாம். வசதியான செருப்பு மட்டும் இருந்தால் போதும்.

வடக்கே ஹாம்ப்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் தொடங்குங்கள். அங்கே இருக்கும் குளங்களுக்கு நீர் தருவது ஃப்ளீட்டின் ஊற்றுகள்தான். அதற்குக் கீழே ஆறு பூமிக்குள் போய்விடும். அதன் பிறகு கண்ணால் தேட முடியாது, பெயர்களால்தான் தேட வேண்டும். இன்று கிங்ஸ் கிராஸ் எனப்படும் இடத்துக்கு முன்பு 'பேட்டில் பிரிட்ஜ்' என்று பெயர். பாலம் இருந்தது என்றால் ஆறும் இருந்தது என்றுதானே பொருள்! ஹோல்பர்ன் என்ற பெயரே பள்ளத்து ஓடை என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் லண்டன் பத்திரிகைகளின் தெருவாக இருந்த ஃப்ளீட் ஸ்ட்ரீட்டும் இந்த ஆற்றின் பெயரைத்தான் சுமக்கிறது.

ஃபாரிங்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் ரே ஸ்ட்ரீட் என்ற தெரு இருக்கிறது. அங்கே ஒரு மதுக்கடைக்கு முன்னால், சாலையில் ஓர் இரும்புக் கம்பி மூடி பதித்திருக்கிறார்கள். போக்குவரத்து ஓய்ந்த நேரத்தில் குனிந்து காது கொடுத்தால், அடியில் சலசலவென்று நீர் ஓடும் சத்தம் கேட்கும். அதுதான் ஃப்ளீட். லண்டனில் காசு கொடுக்காமல் கேட்கக்கூடிய அபூர்வமான கச்சேரி அது.

அந்த ஆறு ஏன் மறைந்தது? யாரோ ஒரு கொடியவர் ஒரே நாளில் செய்த காரியம் அல்ல இது. கசாப்புக் கடைக் கழிவைக் கொட்டினார்கள். தோல் பதனிடும் கழிவைக் கொட்டினார்கள். வீட்டுக் குப்பை வந்தது. 1666 பெருந்தீக்குப் பிறகு அதை அழகான கால்வாயாக மாற்றிப் பார்த்தார்கள். மறுபடியும் குப்பை சேர்ந்தது. 1730-களிலிருந்து துண்டு துண்டாக மூடி, மேலே சந்தை கட்டினார்கள், சாலை போட்டார்கள்.

ஆற்றை மூடினால் அழுக்கு போய்விடுமா? எல்லாம் தேம்ஸில் போய்ச் சேர்ந்தது. 1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் தாங்காமல், பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளை சுண்ணாம்பு கலந்த மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். உறுப்பினர்களின் மூக்கைத் தொட்ட பிறகுதான் வேலை நடந்தது. பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் பிரமாண்டமான கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டினார். காலராவின் பிடியிலிருந்து நகரம் தப்பியது. பழைய ஆறுகள் பல, அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே கரைந்துவிட்டன.

நடைப்பயணம் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தில் முடிகிறது. நீர் வற்றிய நேரத்தில் பாலத்துக்கு அடியில் உற்றுப் பார்த்தால், சுவரில் ஒரு துவாரம் தெரியும். ஃப்ளீட் வெளியே வரும் வாசல் அது.

மூன்றாம் நிறுத்தம்: சேற்றில் கிடக்கும் சரித்திரம்

பிளாக்ஃபிரையர்ஸிலிருந்து கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் மூன்றாவது பாட்டின் இடம் வந்துவிடும். தேம்ஸ் நதியில் கடல் ஓதம் ஏறி இறங்கும். லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் சுமார் 7 மீட்டர் வரை மாறும். நீர் இறங்கும்போது கரையில் சேறும் கூழாங்கல்லும் வெளிப்படும். ஒரு காலத்தில் அங்கே இறங்கி, கையால் துழாவி, விற்கக்கூடியதைப் பொறுக்கிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 'மட்லார்க்' என்று பெயர். பாட்டின் பெயரும் அதுவே.

பெரும்பாலும் குழந்தைகளும் வயதான பெண்களும்தான். நிலக்கரித் துண்டு, கயிறு, செப்பு ஆணி, எலும்பு எதுவானாலும் சரி. விக்டோரியா காலத்தின் ஏழைகளை நேரில் சந்தித்து எழுதிய ஹென்றி மேஹ்யூ, இந்தச் சிறுவர்களைப் பற்றியும் பதிவு செய்திருக்கிறார். கிழிந்த துணி, வெறுங்கால், குளிர்காலச் சேறு, கண்ணாடி குத்திய பாதம். ஒரு நாள் முழுவதும் தேடினால் கிடைப்பது சில பென்னிகள்.

இன்று அதே சேற்றில் இறங்குபவர்கள் சரித்திர ஆர்வலர்கள். சேற்றுக்குள் காற்று புகாததால் தோலும் மரமும்கூட நூற்றாண்டுகளாக மக்காமல் இருக்கின்றன. டியூடர் காலத்துக் குண்டூசி, சின்னக் காலணியின் அடித்தோல், ரோமானியப் பானை ஓடு, வெள்ளைக் களிமண் புகைக்குழாய் எல்லாம் கிடைக்கின்றன. இந்தியர்களுக்குத் தெரிந்த பொருள்களும் உண்டு. பிரிட்டனில் வாழும் இந்துக்கள் வழிபாட்டில் நதியில் விடும் அகல் விளக்குகள், தேங்காய்கள், சின்னச் சாமி சிலைகள் அவ்வப்போது கரை ஒதுங்குகின்றன.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துறைமுக ஆணையத்தின் அனுமதி இல்லாமல் தேடவோ, எதையும் எடுத்துச் செல்லவோ கூடாது. ஓதம் ஏறும் நேரம் தெரியாமல் இறங்குவது ஆபத்து. நீர் சட்டென்று சூழ்ந்துவிடும்.

இந்த 'மட்லார்க்ஸ்' பாட்டில் வரிகளே கிடையாது, வாத்திய இசை மட்டும்தான். வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. தங்கள் கதையைத் தாங்களே எழுத வாய்ப்புக் கிடைக்காத குழந்தைகளுக்கு, அவர்கள் சார்பில் யாரும் பேசாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான்.

நான்காம் நிறுத்தம்: கொத்தனாரும் கோட்டையும்

கடைசிப் பாட்டுக்கு வட வேல்ஸ் போக வேண்டும். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து வடமேற்கே ரயில் பிடித்து, கான்வி ஊரில் இறங்கினால், கண்ணெதிரே எட்டு கோபுரங்களோடு ஒரு கோட்டை நிற்கும். ஊரைச் சுற்றி 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில். அதில் 21 கோபுரங்கள். மதில்மேல் ஏறி நடக்கலாம்.

பாட்டின் பெயர் 'மாஸ்டர் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ்'. ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவாய் நாட்டிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் அவர். வேல்ஸின் இளவரசர் லுவெலின் 1282-ல் கொல்லப்பட்ட பிறகு, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அந்த நாட்டைக் கோட்டைகளால் பூட்ட நினைத்தார். கான்வி, ஹார்லெக், கெர்னார்வன், பியூமாரிஸ் என எழுந்த பெருங்கோட்டைகளின் பின்னால் இருந்தவர் இந்த ஜேம்ஸ். கான்வி கோட்டையும் மதிலும் 1283 முதல் 1287 வரை, நாலைந்து ஆண்டுக்குள் எழுந்தன. ஹார்லெக்கில் கடல் பக்கத்திலிருந்து பாறைமேல் ஏற 108 படிகள். முற்றுகை நேரத்தில் கோட்டைக்கு உணவு வந்த வழி அது. கடல் இப்போது தள்ளிப் போய்விட்டது. இந்த நான்கும் 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

பியூமாரிஸ் மட்டும் இன்றுவரை முழுமையடையவில்லை. 1296-ல் ஜேம்ஸும் அவரது சக அதிகாரியும் மன்னரின் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. 400 கல்தச்சர்கள், 2,000 கூலியாட்கள், கல் உடைப்பவர்கள் 200 பேர், 100 வண்டிகள், 30 படகுகள் என்று கணக்கு கொடுத்து, கூலி பாக்கி நிற்கிறது, ஆட்களைப் பிடித்துவைப்பதே கஷ்டமாக இருக்கிறது, பணம் அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். எழுநூறு ஆண்டு பழைய கடிதம். ஆனால் வேலை பார்த்துவிட்டுக் கூலிக்குக் காத்திருக்கும் எவருக்கும் புதிதாகத் தோன்றாது.

இந்தக் கோட்டைகளின் அழகில் மயங்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கான்வி எழுந்த இடத்தில் வேல்ஸ் மன்னர் மகா லுவெலின் அடக்கமான துறவி மடம் இருந்தது. அதைப் பெயர்த்து வேறு ஊருக்கு அனுப்பினார் எட்வர்ட். மதிலுக்குள் குடியேற்றப்பட்டவர்கள் ஆங்கிலேயர்கள், வேல்ஸ் மக்களுக்கு இடமில்லை. வேல்ஸ்காரர்கள் இந்தக் கோட்டைகளைப் பார்ப்பதும் வெளியூர்க்காரர்கள் பார்ப்பதும் ஒன்றாக இருக்க முடியாது. கல்லை அடுக்கிய கையின் திறமையை மெச்சலாம். எதற்காக அடுக்கினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் மெச்ச வேண்டும்.

இது புதிய பாட்டு இல்லை. 2009 ஆல்பத்திலேயே வந்துவிட்டது. வாசெய்ல் தொகுப்பில் இருப்பது, வில்ட்ஷயரில் பாக்ஸ் என்ற கிராமத்தில் உள்ள ரியல் வேர்ல்ட் ஸ்டுடியோவில் குழுவாக அமர்ந்து நேரடியாக வாசித்த பதிவு. பாடகர் பீட்டர் கேப்ரியல் அமைத்த ஸ்டுடியோ அது. ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்த நெருக்கம் பதிவில் தெரிகிறது.

நலமாக இரு

ஆப்பிள் மரம், மூடிய ஆறு, சேற்றுச் சிறுவர்கள், கோட்டை கட்டியவர். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனால் நான்குமே காலடியில் இருந்தும் கவனத்திலிருந்து நழுவியவை. அரசர்களின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கூலி பாக்கிக்குக் காத்திருந்த கல்தச்சனுக்கும், தெருவுக்கடியில் ஓடும் ஆற்றுக்கும் பாட்டில்தான் இடம் கிடைத்தது.

தலைப்புப் பாட்டு அடுத்த ஆண்டு, 2016-ல், 'ஃபோக்லோர்' என்ற முழு ஆல்பத்திலும் இடம்பெற்றது. குழுவின் பயணம் தொடர்ந்தது. 2021 நவம்பரில், ஒரு விபத்துக்குப் பிறகு டேவிட் லாங்டன் காலமானார். வயது 56. குழு வேறொரு பாடகரோடு இன்றும் இயங்குகிறது. ஆனால் இந்தத் தொகுப்பைப் போட்டால், மரத்தைச் சுற்றிக் கூடியவர்களோடு 'நலமாக இரு' என்று வாழ்த்துவது அவருடைய குரல்தான்.

நேரில் போக எல்லோருக்கும் வாய்க்காது. போனில் நான்கு பாட்டையும் வரிசை மாறாமல், ஹெட்போன் போட்டு ஒரு முறை கேளுங்கள். வாய்ப்புக் கிடைத்து லண்டன் போகிறவர்கள், ஸ்லோன் ஸ்கொயர் நிலையத்தில் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே அந்த ஆறு போய்க்கொண்டிருக்கும்.